உன் மாமனார் என் கடையில் போட்ட சத்தம்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "ஏம்மா, எத்தனையோ எடத்துலேர்ந்து கேட்டாங்களே, இவுங்க வீட்ட எப்படிம்மா புடிச்ச?" என்று கேட்டாய். "எல்லாம் தெரிஞ்சவுங்கதான்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, பக்கத்தில் உன் அப்பா வேறு பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவருக்கே முழுக்கதை தெரியாது. இது நடந்தபோது அவர் தோஹாவில் இருந்தார். போன் செய்கிற பத்து நிமிஷத்தில் நல்லது மட்டும்தான் சொல்வேன். ஆவணியில் கல்யாணம். அதற்குள் நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கடையில் மத்தியானம் ஒரு மணிக்கு மேல் கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் கல்லாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நடுநடுவே யாராவது ஃபேன் பெல்ட் கேட்டு வந்தால் எழுத்து மாறியிருக்கும், பார்த்துக்கொள்.

2004-ல் உன் அப்பா செம்மண்டலத்தில் இந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையைத் திறந்தபோது நீ சிதம்பரத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாய். சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினால் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கடைக்கு வருவாய். ஹெட்லைட் பல்பை ஒவ்வொன்றாக எடுத்து பேட்டரியில் வைத்து எரிய விட்டுப் பார்ப்பாய். "வாங்குறவன் பாக்க வேண்டியத நீ பாத்துத் தீத்துடாத" என்று அப்பா திட்டுவார். புது ரப்பர் வாசனையும் கிரீஸ் வாசனையும் கலந்து அப்போது கடைக்கு ஒரு மணம் உண்டு. இப்போதும் அதே சாமான்தான் விற்கிறேன், அந்த மணம் மட்டும் எனக்குத் தெரிவதில்லை. பழகிவிட்டது போலிருக்கிறது. நாம் மூன்று பேரும் சேர்ந்து இருந்த கடை இரண்டே வருஷம்தான். அப்புறம் அப்பா தோஹாவுக்குப் போனார், அடுத்த வருஷம் நீ வேலை கிடைத்து பெங்களூருக்குப் போனாய். "கடைய மூடிடலாமா?" என்று அப்பா கேட்டதற்கு, வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு உள்ளுக்குள் பயம்தான். முதல் ஆறு மாதம் வந்த மெக்கானிக்குகள் என்னைப் பார்த்ததும் "சார் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். கேட்லாக்கை வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சமையல் செய்துகொண்டே படித்தேன். எந்த வண்டிக்கு எந்த ஃபில்டர், எந்த பிளக் என்று கேட்பதற்கு முன்னால் எடுத்து வைக்கப் பழகினேன். மெல்ல மெல்ல எல்லோரும் "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த "அக்கா"வைச் சம்பாதிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது.

அதை ஒரே காலையில் தொலைக்க இருந்தேன். 2007 செப்டம்பர் மாதம் அது. காலை பத்து மணி, கடையில் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். வெளியே ஒரு பள்ளிக்கூட வேன் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கி வந்தவரை எனக்கு முகம் தெரியும். ஜூலை மாதம் சிதம்பரத்திலிருந்து வந்து ஆக்சிஜன் சென்சார் ஒன்று வாங்கிப் போனவர். பெயர் கலியபெருமாள். ஆமாம், உன் மாமனார்தான். நேரே வந்து அந்தச் சென்சாரின் காலி அட்டைப்பெட்டியைக் கண்ணாடி மேசையில் வைத்தார். வைத்தார் என்று நாகரிகமாகச் சொல்கிறேன், அடித்தார். "ரெண்டு மாசம் ஓடல. டூப்ளிகேட்ட ஒரிஜினல்னு சொல்லிக் குடுத்துருக்கியேம்மா! பெட்ரோல் குடிச்சித் தீக்குது, வண்டி வெட்டி வெட்டிப் போவுது, உள்ள பெட்ரோல் நாத்தம், நேத்து ஒரு புள்ள வாந்தி எடுத்துடுச்சி. சின்னப் புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போற வண்டிம்மா அது. ஆம்பள இல்லாத கடைல வாங்கினா இப்படித்தான் ஆவும்னு அன்னிக்கே ஒருத்தன் சொன்னான், நான் கேக்கல." கடைசியாகச் சொன்னதுதான் என்னைச் சுட்டது. நான் ஏதோ பதில் சொன்னேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நின்றிருந்தவர்களில் இரண்டு பேர் சாமான் சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு மெதுவாக நழுவியது மட்டும் நினைவிருக்கிறது. மறுநாள் எப்போதும் வருகிற ஒரு பையன் பிரேக் ஷூ வாங்கும்போது, "இது ஒரிஜினல்தானேக்கா?" என்று கேட்டான். அதுவரை அவன் அப்படிக் கேட்டதே இல்லை.

உனக்கு உண்மையைச் சொல்கிறேன், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சென்சார்கள் சென்னையில் புதிதாகப் பிடித்த ஒரு மொத்த வியாபாரியிடமிருந்து வந்தவை. ஒரு டப்பாவில் ஆறு வந்தது, நான்கு விற்றிருந்தேன். மிச்சம் இருந்த இரண்டையும் எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, உன் சித்தப்பா சேகரைக் கூப்பிட்டேன். அவன் அப்போதுதான் பக்கத்தில் மஞ்சக்குப்பத்தில் ஒர்க்‌ஷாப் வைத்து, வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்க்கிற ஸ்கேனர் ஒன்று வாங்கியிருந்தான். புது மாப்பிள்ளை வாட்சைக் காட்டுகிற மாதிரி எல்லோருக்கும் அதைக் காட்டிக்கொண்டு திரிந்த நேரம். "அண்ணி, விடுங்க, வேற ஒண்ணு குடுத்து அனுப்பிடலாம்" என்றான். "அது வேணாம். நம்ம சாமான் கெட்டதான்னு எனக்குத் தெரியணும். கெட்டதுன்னா மிச்சத்தையும் திருப்பி அனுப்பிட்டு, வாங்கின நாலு பேருக்கும் நானே போன் போட்டுச் சொல்றேன்" என்றேன். கலியபெருமாளுக்குப் போன் செய்து வண்டியை ஒரு நாள் கொண்டுவரச் சொன்னேன். "நான் எதுக்கும்மா இன்னொரு தபா பெட்ரோல் போட்டுக்கிட்டு அங்க வரணும்?" என்றார். "அப்ப நாங்க வரோம்" என்றேன். "சனிக்கெழம ஸ்கூல் லீவு, வாங்க" என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் சேகரும் நானும் அவன் ஒர்க்‌ஷாப் பையன் ஒருவனும் சேகரின் காரில் கிளம்பினோம். நீ காலேஜ் போன அதே ரோடு. ஆலப்பாக்கம் தாண்டியதும் உன்னை முதன்முதலாக ஹாஸ்டலில் விடப் போன நாள்தான் எனக்கு நினைவு வந்தது. அன்று பக்கெட்டும் தலையணையும் மடியில் வைத்துக்கொண்டு நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். பி.முட்லூரில் திரும்பிப் பரங்கிப்பேட்டைக்குப் போனோம். பிள்ளைகளை ஏற்றுகிற இடம் அதுதான், அங்கிருந்து சிதம்பரம் வரை வண்டியை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்பது சேகரின் யோசனை. பள்ளிவாசல் தெரு முனையில் வேனை நிறுத்திக் கலியபெருமாள் காத்திருந்தார். எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. வேனுக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "எம் பொண்ணு, எழிலரசி. காலேஜ்ல கணக்கு படிக்குது. புள்ளைங்கள ஏத்தி எறக்கறதெல்லாம் அதுதான்" என்றார். தினமும் காலையில் அப்பாவோடு பரங்கிப்பேட்டை வந்து பிள்ளைகளை உட்கார வைத்து, பள்ளியில் இறக்கிவிட்டு, அப்புறம் காலேஜுக்குப் போவாளாம். அவள் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு ஜன்னலோரம் நகர்ந்து இடம் கொடுத்தாள். சேகரும் நானும் வேனில் ஏறிக்கொண்டோம், ஒர்க்‌ஷாப் பையன் காரைப் பின்னால் ஓட்டி வந்தான்.

இந்தச் சென்சார் என்ன செய்கிறது என்று உனக்குத் தெரியாமல் இருக்காது, இருந்தாலும் நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். அது எஞ்சினிலிருந்து புகை வெளியே போகிற பைப்பில் திருகப்பட்டிருக்கும். புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்து வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். மிச்சம் அதிகம் என்றால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைவு என்றால் குறைக்கும். இது நொடிக்கு நொடி நடந்துகொண்டே இருக்கும். ஸ்கேனர் திரையில் அது ஒரு கோடாக மேலும் கீழுமாக ஏறி இறங்கும். பி.முட்லூர் வருவதற்குள் எஞ்சின் நன்றாகச் சூடாகிவிட்டது. சேகர் முன்சீட்டில் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு, "கோடு ஏறி எறங்குது, ஒரு ஃபால்ட்டும் காட்டல. சென்சார் உயிரோடதான் இருக்கு" என்றான். எனக்கு மூச்சு வந்தது. உன் மாமனார் வண்டியை ஒரே வேகத்தில் ஓட்டிக் காட்டினார். ஆக்சிலேட்டர் மிதியை அசைக்காமலே வண்டி தானாக முன்னே உந்தியது, பிறகு தானாகத் தளர்ந்தது, மறுபடி உந்தியது. வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் போகும்போது நானே முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "இதுதாம்மா நான் சொன்னது. புள்ளைங்க எப்படித் தாங்கும்? ரெண்டு வீட்ல வேற வேன் பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க" என்றார். அவர் குரலில் அன்று கடையில் கேட்ட கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அந்த வேன் ஒன்றுதான் அந்த வீட்டுக்கு வருமானம்.

சிதம்பரத்தில் அவர் தெருவிலேயே அதே மாதிரி வேன் வைத்திருந்த இன்னொருவர் இருந்தார். அந்த வேனையும் சூடாக்கி ஸ்கேனரை அதில் மாட்டிப் பார்க்கலாம் என்று சேகர் சொன்னான். அங்கேதான் விஷயம் வெளியே வந்தது. அந்த வண்டியில் கோடு சட்டென்று மேலே போய்ச் சட்டென்று கீழே விழுந்தது, தையல் மெஷின் ஊசி மாதிரி. மிதியை ஒரு அழுத்து அழுத்தினால் உடனே துள்ளியது. உன் மாமனாரின் வண்டியில் அதே கோடு சோம்பலாக ஏறி, சோம்பலாக இறங்கியது. மிதியை அழுத்தினால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் எழுந்தது. முழுசாகக் கெட்டுப்போன சென்சார் என்றால் டாஷ்போர்டில் விளக்கு எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். இது கெடவில்லை, உண்மையைத்தான் சொல்கிறது, தாமதமாகச் சொல்கிறது. அது சொல்வதற்குள் கம்ப்யூட்டர் தேவைக்கு மேல் பெட்ரோலை ஊற்றிவிடுகிறது, அப்புறம் தேவைக்கு மேல் குறைத்துவிடுகிறது. அதனால்தான் அந்த உந்தலும் தளர்ச்சியும், பெட்ரோல் நாற்றமும். சேகர் உன் மாமனார் வண்டியின் வயரை இழுத்துப் பார்த்தான், பைப்பில் ஓட்டை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான், எல்லாம் சரியாக இருந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "சென்சார்தான் அண்ணி. ஸ்லோ ஆயிடுச்சி" என்றான். "நான் என்னா சொன்னேன்!" என்று உன் மாமனார் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். அந்த நிமிஷம் எனக்கு உன் அப்பா பக்கத்தில் இல்லையே என்று இருந்தது. நான்கு பேருக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஆரம்பித்துவிட்டேன்.

எஞ்சின் ஆறினால்தான் சென்சாரைக் கழற்ற முடியும். அதுவரை வெளியே நிற்கிறோம் என்று சொன்னேன், உன் மாமியார் கேட்கவில்லை, இலை போட்டுவிட்டார்கள். எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை, தயங்கினேன். உன் மாமனார் எதிரில் உட்கார்ந்துகொண்டு, "சண்ட வேற, சாப்பாடு வேற. உக்காரும்மா" என்றார். எறா வறுவலும் ரசமும். சேகர் மூன்று முறை சோறு வாங்கினான். எழிலரசி எனக்கு மோர் ஊற்றிவிட்டு ஏதோ கேட்க வாயெடுத்தாள். அவள் அப்பா அதற்குள் சேகரிடம் பெட்ரோல் விலையைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாப்பிட்டுவிட்டு சேகர் சென்சாரைக் கழற்றினான். முனை கறுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளையாகப் பொருக்கு தட்டியிருந்தது. "இது என்னா வெள்ளையா? மட்டமான பெட்ரோலா இருக்கும்" என்றான். பையிலிருந்து, மிச்சமிருந்த இரண்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதே டப்பாவில் வந்தது. அதை மாட்டி வண்டியைச் சூடாக்கினால், கோடு பக்கத்து வேனைவிடச் சுறுசுறுப்பாகத் துள்ளியது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள், உந்தலும் இல்லை, தளர்ச்சியும் இல்லை. "பாத்தீங்களா, அதே டப்பா! எங்க அண்ணி குடுத்தது சுத்தமான சாமான்" என்று இப்போது சேகர் சத்தம் போட்டான். உன் மாமனார், "அப்ப அது மட்டும் ஏன் ரெண்டு மாசத்துல போச்சி?" என்றார். "எப்பவாச்சும் ஒண்ணு அப்படி வரும்" என்றான் சேகர். எனக்கு அந்தப் பதில் திருப்தியாக இல்லை. ஆனால் மானம் தப்பித்தது, வீட்டுக்குப் போகலாம் என்று இருந்தது. அப்போது எழிலரசி, "சார், ரேடியேட்டர் தண்ணி வாரா வாரம் கொறயுது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?" என்று கேட்டாள். "அது வெயிலுக்குக் கொறயும், நீ உள்ள போ" என்றார் அவள் அப்பா. "தண்ணி வேற டிபார்ட்மென்ட்டும்மா" என்று சேகர் சிரித்தான். நானும் புடவையை உதறிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

சேகர் சாவியைத் திருப்பிவிட்டான், வண்டி நகரவும் ஆரம்பித்துவிட்டது. அவள் ஓடி வந்து என் பக்கத்துக் கண்ணாடியில் தட்டினாள். கையில் ஒன்றும் இல்லை, மூச்சு மட்டும் வாங்கியது. "அத்த, ஒரு நிமிஷம் வந்து பாத்துட்டுப் போங்க. நான் சும்மா சொல்லல, பாட்டில்ல கோடு போட்டு வச்சிருக்கேன்." இறங்கிப் போய்ப் பார்த்தோம். ரேடியேட்டருக்கான கூலன்ட் தண்ணீர் ஊற்றுகிற பிளாஸ்டிக் பாட்டிலில் ஸ்கெட்ச் பேனாவால் சின்னச் சின்னக் கோடுகள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மேல் கோடு வரை ஊற்றுவாளாம். வெள்ளிக்கிழமை எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கோடு. ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இறங்கிக்கொண்டே போயிருந்தது. "முன்னாடி இவ்ளோ கொறயாது. ஜூன்லேர்ந்துதான் ஜாஸ்தி. கீழ எங்கயும் ஒழுகல, நான் அட்டை போட்டுப் பாத்தேன். ஒழுகாம எங்க போவும்?" என்றாள். சேகரின் சிரிப்பு நின்றுவிட்டது. வண்டி நன்றாக ஆறுகிற வரைக்கும் காத்திருந்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு எஞ்சினைப் போடச் சொன்னான். நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். பச்சைத் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் குமிழி வந்தது. நிற்காமல் வந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கிற கேஸ்கட் ஒன்று மெல்லிசாக விட்டுப்போயிருக்கிறது, அது வழியாக வருகிற எஞ்சின் காற்றுதான் இந்தக் குமிழி, கூலன்ட் அதே வழியாக உள்ளே கசிந்து எரிந்து புகையோடு போகிறது, அதில் இருக்கிற ரசாயனம்தான் சென்சார் முனையில் வெள்ளையாகப் படிந்து அதை மந்தமாக்கியிருக்கிறது என்று சேகர் சொன்னான். இதற்கு முன்னால் இருந்த சென்சாரும் அப்படித்தான் போயிருக்கும். "இன்னிக்கி மாட்டினதும் தீபாவளிக்குள்ள போயிருக்கும்" என்றான். போயிருந்தால் அவர் மறுபடி என் கடைக்கு வந்திருப்பார். இரண்டாவது முறை என்னை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

உன் மாமனார் போய் எஞ்சினை நிறுத்தினார். பிறகு மகளிடம் திரும்பி, "நீ இத எப்ப சொன்ன?" என்று கேட்டார். "மூணு மாசமா சொல்றேன்ப்பா" என்றாள். குறை சொல்கிற குரல் இல்லை அது, கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். அவர் அவள் தலையில் ஒரு தடவை கை வைத்து எடுத்தார். திரும்பி வரும்போது சேகர், "ஒரு சாரி சொன்னாரா பாத்தீங்களா அண்ணி?" என்று பொருமிக்கொண்டே வந்தான். எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான். காலாண்டு லீவில் வண்டியை சேகரிடமே விட்டுக் கேஸ்கட் மாற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். கடைக்கு அவர் வரவில்லை. சரி, முடிந்தது என்று நானும் விட்டுவிட்டேன்.

லீவு முடிந்து ஒரு வாரம் இருக்கும், ஒரு சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு அந்த வேன் வந்து எதிரில் நின்றது. உன் மாமனார் இறங்கி டீக்கடையில் உட்கார்ந்தார். ஒரு டீ குடித்தார், பேப்பர் படித்தார், இன்னொரு டீ குடித்தார். இன்னும் என்ன பாக்கி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வியாபாரம் செய்தேன். பத்து மணிக்குக் கூட்டம் சேர்ந்ததும் எழுந்து வந்தார். அன்று நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டு, அன்று எவ்வளவு சத்தமோ அதே சத்தத்தில் பேசினார். "எல்லாரும் கொஞ்சம் கேட்டுக்குங்க. போன மாசம் இங்க நின்னுதான் இந்த அம்மா டூப்ளிகேட் விக்கிறாங்கன்னு சொன்னேன். சாமான் நல்ல சாமான். கோளாறு என் வண்டில. இந்த அம்மா என் ஊட்டுக்கே வந்து கண்டுபுடிச்சிக் குடுத்துட்டுப் போனாங்க. ஆம்பள இல்லாத கடைன்னு ஒரு வார்த்த சொன்னேன், அது தப்பு. அத நான் தனியா வந்து சொன்னா சரியாவாது, அதான் கூட்டம் வரட்டும்னு ஒக்காந்துருந்தேன்." ஒருவன் கைதட்டினான், இரண்டு பேர் சிரித்தார்கள். "உக்காருங்கண்ணே, டீ சொல்றேன்" என்று நான் சொன்னதற்கு, "ரெண்டு குடிச்சிட்டேம்மா, போதும்" என்றார். நான் ரேக்குக்குப் பின்னால் போய் எதையோ தேடுவதுபோலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குக் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். சிதம்பரத்து வேன்காரர்கள் எல்லோரும் என்னிடமே சாமான் வாங்க வந்தது அவரால்தான். ஆனித் திருமஞ்சனத்துக்குப் போனால் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. எழிலரசி பி.எஸ்ஸி. முடித்தாள், பி.எட். முடித்தாள், ஸ்கூலில் கணக்கு டீச்சர் ஆனாள். ஒவ்வொரு முறையும் போனில் முதலில் எனக்குத்தான் சொன்னாள். உன் அப்பா திரும்பி வந்த பிறகு உனக்குப் பெண் பார்க்கிற பேச்சு வந்தபோது எனக்கு வேறு யாரும் தோன்றவில்லை. "வேன் ஓட்டுறவர் வூட்லயா?" என்று உன் பெரியம்மா இழுத்தாள். "ஆமா, அவர் ஊட்லதான்" என்றேன். தான் சொன்ன தப்பை, சொன்ன இடத்திலேயே அத்தனை பேர் முன்னால் திருப்பி எடுத்துக்கொண்ட மனிதரை என் வாழ்க்கையில் நான் அதிகம் பார்த்ததில்லை. என் சொந்தத்திலேயே பார்த்ததில்லை. அவரிடம் போய்க் கேட்டபோது அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. "எனக்கு சந்தோஷம்தாம்மா. ஆனா அதுகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்லுவேன்" என்றார். மூன்று மாதமாக மகள் சொன்னதைக் காதில் வாங்காதவர் அவர். அந்தப் பதிலில் எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நேற்று இரவு எழிலரசி போன் செய்தாள். போன வருஷம் ஒன்பதாவதில் அவள் பாடம் எடுத்த பிள்ளைகள் இந்த வருஷம் பத்தாவது. மார்ச்சில் பரீட்சை. "பாதியில வுட்டுட்டு வர மனசு இல்ல அத்த. கல்யாணம் ஆவணியிலயே ஆவட்டும். ஆனா பரீட்ச முடியிற வரைக்கும் நான் இங்கயே இருந்துட்டு, ஏப்ரல்ல பெங்களூர் வரட்டுமா? அவர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நானே சொல்லவா?" என்று கேட்டாள். எனக்கும் முதலில் திக்கென்றுதான் இருந்தது. ஏழு மாதம், தம்பி. நீ அங்கே வாடகைக்கு வீடு பார்த்து வைத்துவிட்டதும், திரைச்சீலை என்ன நிறம் என்று என்னைக் கேட்டதும் எனக்குத் தெரியும். ஆனாலும், "நீயே சொல்லும்மா" என்று சொன்னேன். நான் சொன்னால் அது அம்மா சொன்னதாகிவிடும். நீ தலையாட்டிவிட்டு மனசுக்குள் வைத்துக்கொள்வாய்.

உன்னிடம் இருக்கிற ஒரு குணத்தை நான் இதுவரை சொன்னதில்லை. எதிராளி பாதி சொல்லும்போதே மீதியை நீ முடித்துவிடுவாய், பதிலையும் சொல்லிவிடுவாய். உன் அப்பாவும் அப்படி, உன் சித்தப்பாவும் அப்படி, நானும் பல நேரம் அப்படித்தான். உன் மாமனார் வீட்டு வாசலில் அன்று காருக்குள் ஏறி உட்கார்ந்தவள் நான்தானே. நம் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசி வளர்ந்தவர்கள். அவள் அப்படி வளரவில்லை. ஒரு விஷயத்தைச் சொல்வதற்கு முன்னால் அவள் அதை நாட்கணக்கில் யோசித்திருப்பாள், பார்த்திருப்பாள். அவள் கேட்பதற்கு நீ ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உனக்குக் கஷ்டம் என்றால் கஷ்டம் என்று சொல். மாதம் இரண்டு சனி ஞாயிறு நீ வரலாம், ஒரு தடவை அவள் வரலாம், ராத்திரி பஸ் இருக்கிறது. அதெல்லாம் நீங்கள் இருவரும் பேசிக்கொள்ள வேண்டியவை. என் மனசில் இருப்பதைக் கேட்டால், இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். உன் அப்பாவும் நானும் நான்கு வருஷம் கடல் தாண்டி இருந்தோம், அந்தப் பத்து நிமிஷப் போனுக்காக வாரம் முழுக்கக் காத்திருந்ததை இப்போது நினைத்தால் எனக்கு இனிமையாகத்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் உன்னைக் கூப்பிடுவாள். இந்தக் கடிதம் அதற்குள் வந்துவிடும் என்று கொரியர்காரர் சொல்கிறார். அவள் குரல் மெதுவாகத்தான் இருக்கும். டிவியை அணைத்துவிட்டுப் போனை எடு.

அன்புடன்,
அம்மா